தோல் வைக்காமல் ஊற்றிய பெட்ரோல்

அந்த வருஷம் கார்த்திகையில் எங்கள் பக்கத்து வயல்களில் குருத்துப்பூச்சி விழுந்தது. காவாந்தண்டலத்திலிருந்து திருமுக்கூடல் ஆற்றங்கரை வரைக்கும் சம்பா நெல் நின்றபடியே காய்ந்தது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆட்களை வைத்துத் தெளித்து மாளாது, ஏரோபிளேன் வந்து மருந்தடிக்கப் போகிறது என்று உத்திரமேரூர் ஆபீசிலிருந்து தகவல் வந்தபோது யாரும் நம்பவில்லை. மறுவாரம் எங்கள் ஊர் மேய்க்கால் நிலத்தில் முள்ளை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, தெற்கு வடக்காக அரை மைலுக்கு ஒரு ஓடுபாதை போட்டார்கள். அதில் நானும் மண் சுமந்தேன். ஒரு நாள் காலை மஞ்சள் நிறத்தில் ஒற்றை ஆள் உட்காரும் சின்ன விமானம் ஒன்று வந்து இறங்கியது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. என் மனைவிக்கு எட்டாம் மாதம். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், ஊரிலேயே பெரிய நிலக்காரரிடம் நெல்லைக் கூலியாக வாங்கும் படியாளாக இருந்தார். அந்த நிலக்காரரை எங்கள் தெருவில் எல்லாரும் ஆண்டை என்பார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். பீப்பாய்களின் மேல் எழுதியிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததால் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. ஆண்டை நிலத்தை விட்டு வெளியே நான் பார்த்த முதல் வேலை அதுதான். அது எந்த நேரத்தில் கைவிட்டுப் போகுமோ என்கிற பயம் முதல் நாளிலிருந்தே எனக்கு இருந்தது.

விமானத்தோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். பைலட் மெட்ராஸ்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியானவர், அதிகம் பேசமாட்டார், நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் பீப்பாய்களோடு லாரியில் வந்த மெக்கானிக். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். பீப்பாய்களை எப்படி வைக்கவேண்டும் என்று பாய் முதல் நாளே சொல்லியிருந்தார். நிற்க வைக்கக்கூடாது, படுக்க வைக்கவேண்டும். ஊற்றும்போது புனலுக்குள் மான்தோலை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றவேண்டும். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டதற்கு, பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் இன்ஜின் மேலே போய் நின்றுவிடும் என்று சொன்னார்.

பைலட் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் செய்கிற வேலைகளைப் பார்ப்பதற்கே கூட்டம் கூடும். முதலில் பீப்பாய்களும் மருந்தும் வைத்திருந்த கூடாரத்துப் பக்கத்திலேயே விமானத்தைச் சுற்றி வருவார். இறக்கையைத் தடவிப் பார்ப்பார், காற்றாடியின் விளிம்பில் கல் பட்டிருக்கிறதா என்று விரலால் தேய்ப்பார், எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பார், அடியில் இருக்கும் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார். அந்தப் பெட்ரோல் இளஞ்சிவப்பாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியே நிற்கும்.

அதன்பிறகு விமானத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு ஓடுபாதையின் கோடிக்குப் போவார். அங்கே மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்ஜினை முடுக்குவார். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்க இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்றை நிறுத்திப் பார்ப்பார், சத்தம் கொஞ்சம் இறங்கும். திரும்பப் போட்டு மற்றதை நிறுத்துவார், மறுபடி கொஞ்சம் இறங்கும். பிறகு இன்ஜின் நிற்காமலே சத்தம் நன்றாக அடங்கும். அதற்கப்புறம்தான் பெரிய உறுமலோடு கிளம்புவார்.

இதைக் கூடாரத்துக்கிட்டேயே செய்தால் என்ன, எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று நான் ஒரு நாள் கேட்டேன். பைலட் சிரிக்காமல் பதில் சொன்னார். இங்கே முடுக்கினால் கல்லும் மண்ணும் பறந்து உங்கள் மேலெல்லாம் அடிக்கும், மருந்துக் கரைசலில் தூசு விழும். அங்கே போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூடாகியிருக்கும். எதிர்காற்றில் நின்றால் முடுக்கும்போது அளவுக்கு மீறிக் கொதிக்காது. எல்லாவற்றையும் விட, தரையை விட்டுக் கிளம்புகிற கடைசி நிமிஷத்தில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் தனக்குத் தெரியவேண்டும் என்றார். உட்காருகிற இடத்தில் இருந்த ஒரு நெம்புகோலையும் காட்டினார். ஏறும்போது இன்ஜின் நின்றால் அதை இழுப்பாராம். தொட்டியில் இருக்கிற மருந்து அவ்வளவும் ஒரே நொடியில் கீழே கொட்டிவிடும். பாரம் குறைந்தால்தான் எங்கேயாவது இறங்க முடியும்.

"கீழ யாரனா இருந்தா சார்?" என்று கேட்டேன்.

அவர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. ஓடுபாதையின் வடக்குக் கோடியைத் தாண்டினால் எங்கள் தெரு. கோரைப்புல் கூரை போட்ட முப்பது வீடுகள். வழக்கமாக விமானம் தெற்கே பார்த்துக் கிளம்பி வயல்களுக்கு மேலேதான் ஏறும் என்பதால் எனக்கு அதுவரை தைரியம்.

ஐந்தாம் நாள் பாய்க்குக் காய்ச்சல் வந்து மெட்ராஸுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மறுநாளைக்குத் தோதாக இருக்கட்டும் என்று ஒரு புதுப் பீப்பாயை நான் நிமிர்த்தி வைத்தேன். மூடியைத் திருகித் திறந்து பார்த்து, கருவி போட்டு இறுக்காமல் கையாலேயே மூடினேன். இரவு மழை பெய்தது. கூடாரத்துக்கு வெளியே காயப்போட்டிருந்த மான்தோலை எடுத்து வைக்க மறந்துபோனேன்.

காலையில் போய்ப் பார்த்தால் தோல் ஊறி, சேறு படிந்து கிடந்தது. அதைக் காயவைக்க வெயிலும் இல்லை. அன்றைக்கு மருந்தடிக்க வேண்டியது ஆண்டையின் நிலம். அவர் விடிவதற்கு முன்பே வில்வண்டியில் வந்து உட்கார்ந்திருந்தார். விவசாய அதிகாரி அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, காற்று எழும்புவதற்குள் மூன்று சுற்றாவது அடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காற்று எழும்பினால் மருந்து வயலில் விழாமல் எங்கேயோ போய்விடும், அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல் தெளிக்க முடியாது. நைனா வயலில் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். எந்த வரிசையில் அடிக்கவேண்டும் என்று மேலே இருக்கும் பைலட்டுக்குக் காட்டுவதற்காக அந்தக் கொடி.

பைலட் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துப் பார்த்தார். அது நேற்று விமானத்தின் பெட்ரோல் தொட்டியில் மிஞ்சியது, சுத்தமாக இருந்தது. என்னை ஊற்றச் சொல்லிவிட்டு, மழையில் ஓடுபாதை எங்கேயாவது சேறாகியிருக்கிறதா என்று பார்க்க நடந்து போனார். அதிகாரி என்னைப் பார்த்து, சீக்கிரம் ஆகட்டும் என்று கையை ஆட்டினார். நான் என் மேல்துண்டை நாலாக மடித்துப் புனலில் போட்டு ஊற்றினேன். துணிதானே, அதுவும் வடிகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாக நினைத்தேனா, நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா என்று இப்போது தெரியவில்லை.

பைலட் திரும்பி வந்தார்.

"தோல் வெச்சுதானே ஊத்துனே?"

"ஆமா சார்" என்றேன்.

தோல் வைக்கவில்லை என்றால் அவர் கால்மணி நேரம் காத்திருப்பார். தண்ணீர் இருந்தால் அது அடியில் வந்து தங்கட்டும் என்று விட்டு, மறுபடி பாட்டிலில் பிடித்துப் பார்ப்பார். பாய் அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் ஆமா என்று சொன்னதால் அந்தக் கால்மணி நேரம் அவருக்குத் தேவைப்படவில்லை. மருந்தை ஏற்றினார்கள். அவர் ஏறி உட்கார்ந்து, காற்றின் திசை தெரிய மூங்கிலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். துணி தெற்கே பார்த்துப் பறந்தது. மழைக்குப் பிறகு வடக்கிலிருந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. அவர் விமானத்தைத் தெற்குக் கோடிக்கு உருட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்து வடக்கே பார்த்துக் கிளம்பினால், தொட்டி நிறைய மருந்தோடு எங்கள் வீட்டுக்கு மேலேதான் ஏறப்போகிறார்.

எதையாவது செய்துகொண்டிருக்கலாம் என்று பீப்பாயை மூடப் போனேன். பீப்பாயின் தலையில் விளிம்புக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மூடி போடுகிற துளை அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்தது. விடிகிற நேரத்து அரைவெளிச்சத்தில், அவசரத்தில், அந்தத் தண்ணீருக்குள்ளேயே கையை விட்டு மூடியைத் திறந்து பம்பை இறக்கித் திருகியிருக்கிறேன்; உள்ளே கொட்டியது போக மிச்சம்தான் மேலே நின்றது. ராத்திரி முழுக்க அது அந்த மூடி வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கும். பாய் ஏன் படுக்க வைக்கச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது.

விமானம் அதற்குள் கோடிக்குப் போய்த் திரும்பிவிட்டது. இன்ஜினை முடுக்கும் சத்தம் கேட்டது.

நான் பக்கத்தில் இருந்தவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதிகாரி கேட்பார், ஆண்டை கேட்பார், பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு நிமிஷத்தில்கூட, ஓடலாமா வேண்டாமா என்று நான் யோசித்தேன். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒன்றும் ஆகாவிட்டால் என் பொய் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலையும் இருக்கும். அப்போது முதல் தீப்பொறியை நிறுத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. இன்ஜின் ஒரு சுருதி இறங்கி மறுபடி ஏறியது. நான் ஓட ஆரம்பித்தேன்.

ஓடுபாதையின் நடுவிலேயே, விமானத்தின் மூக்கைப் பார்த்து ஓடினேன். செருப்பில்லாத காலில் சரளைக்கல் குத்தியது. ஐந்து நாளாகக் கேட்டுக்கேட்டு அந்தச் சத்தங்களின் வரிசை எனக்கு மனப்பாடம். இரண்டாவதும் இறங்கி ஏறியது. இனி அடங்கும், அடங்கிய பிறகு உறுமும். உறுமினால் முடிந்தது. பெட்ரோல் நனைந்த துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு ஓடினேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. சத்தம் அடங்கியது. அடங்கியே இருந்தது. காற்றாடி ஒரு தடவை உதறிவிட்டு நின்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பைலட் இறங்கி என்னை நோக்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சு? காத்தாடிக்கு நேரா ஓடி வரியே, அறிவு கீதா உனக்கு?"

"தோல் வெக்கல சார். பொய் சொன்னேன். பீப்பாய் நிமிந்துனு இருந்துச்சு, மேல மழைத்தண்ணி நின்னுக்கினு கீது."

அவர் தலையில் மாட்டியிருந்த கவசத்தைக் கழற்றிக்கொண்டு விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்தார். இளஞ்சிவப்பு மட்டும்தான் இருந்தது. தண்ணீர் இல்லை. என்னை இறக்கையைப் பிடித்து ஆட்டச் சொன்னார். அதற்குள் ஓடி வந்த ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டிவிட்டுக் காத்திருந்து மறுபடி பிடித்தார். தண்ணீர் இல்லை.

ஆண்டையின் வில்வண்டி ஓடுபாதை மேலேயே வந்து நின்றது. விஷயம் என்னவென்று அதிகாரி கேட்டார். பைலட் சுருக்கமாகச் சொன்னார். அதுதான் தண்ணீர் இல்லையே, கிளம்பலாமே என்றார் அதிகாரி. ஆண்டை என்னைப் பார்க்கவே இல்லை. என் பயிர் செத்துக்கொண்டிருக்கிறது, இவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்களா என்று பைலட்டிடம் கேட்டார். பைலட்டுக்கு அவரை எதிர்த்துப் பேசத் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நகத்தைக் கடித்தார், கூடாரத்துப் பக்கம் பார்த்தார், காற்றைப் பார்த்தார். ஆனால் ஏறவில்லை. அரைமணி நேரம் ஆகட்டும், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த அரைமணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அதில் என் மனைவியும் இருந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பெட்ரோலில் தண்ணீர் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் அந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான். இல்லாவிட்டால் நான் பைத்தியக்காரன், அதோடு பொய்யனும்கூட.

மூன்றாம் முறை பிடித்தார். அப்போதும் இல்லை. இதற்குள் காற்று பலமாகிவிட்டது. மூங்கிலில் கட்டிய துணி விறைத்து நின்றது. இன்றைக்கு முடியாது என்று பைலட் சொல்லிவிட்டார். ஆண்டை வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்தக் கோபம் நைனாவின் தலையில்தான் விடியும் என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு பைலட் அந்தப் பீப்பாயிடம் போனார். பம்பை எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த பெட்ரோலை ஒவ்வொரு வாளியாகச் சாய்த்து ஊற்றச் சொன்னார். முதல் வாளிகள் சுத்தம். கடைசி வாளியைச் சாய்த்துப் பாட்டிலில் பிடித்தபோது பாதிக்குமேல் நிறமில்லாமல் நின்றது. பீப்பாயின் அடியில் ஏறக்குறைய இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்திருக்கிறது. பம்பின் குழாய் அடிவரை எட்டாததால் அது மேலே வரவில்லை. குழாய் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் வந்திருக்கும்.

அதிகாரி என்னை அப்போதே போகச் சொன்னார். பைலட் வேண்டாம் என்றார்.

"வந்து சொன்னான் இல்ல. இவனே ஊத்தட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. "இனிமே நீ சொல்றதை வெச்சு நான் ஏற மாட்டேன். தோலை நான் பாக்கணும், பீப்பாயை நான் பாக்கணும். சரியா?"

சரி என்றேன். மறுநாளிலிருந்து அவர் அப்படியேதான் செய்தார். நான் ஊற்றும்போது பக்கத்திலேயே நிற்பார். தோலைத் தொட்டுப் பார்ப்பார். ஊற்றி முடித்தபிறகு கால்மணி நேரம் இரண்டு பேரும் காத்திருப்போம். காய்ச்சல் தெளிந்து வந்த பாய், நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த நாள், பெரிய பேஜாரா போயிருக்கும்பா என்று மட்டும் சொன்னார்.

ஆண்டையின் நிலத்துக்கு இரண்டு நாள் கழித்துத்தான் மருந்தடித்தார்கள். அதற்குள் கொஞ்சம் பயிர் போய்விட்டதா, முதலிலேயே போயிருந்ததா என்று யாருக்கும் தெரியாது. என்னால்தான் போனது என்று ஆண்டை களத்தில் எல்லார் முன்னாலும் நைனாவைப் பேசியிருக்கிறார். நைனா அதை வீட்டில் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நாலைந்து நாள் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"தண்ணி இருந்துச்சாமே, நெசமா?"

"பீப்பாய்ல இருந்துச்சு நைனா."

"ஏரோபிளேன்ல?"

"அதுல இல்ல."

நைனா மறு காலைத் தண்ணீரில் விட்டுத் தேய்த்தார். "அப்ப நீ கம்முனு இருந்திருந்தா, ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆமா" என்றேன்.

அவர் கரையேறினார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வூட்ல அவ தனியா கீறா, இருட்டறதுக்குள்ள போ" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

மார்கழி பிறந்து எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் விமானம் வேறு தாலுகாவுக்குப் போய்விட்டது. மேய்க்காலில் மறுபடி முள் முளைத்தது. பாய் சொல்லிவிட்டதன்பேரில் எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை கிடைத்தது. அங்கே பதினெட்டு வருஷம் இருந்தேன். லாரிக்காரர்கள் அவசரப்படுத்தும்போதெல்லாம் நான் இன்னொரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். என்னோடு வேலை செய்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள். ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.